ஆர்லேதா பட்டியலில் எழுதாத கட்டில்

ஆர்லேதா பிங்ஸ்டன் என்னைத் திருடன் என்று நினைத்தார். ஒரு கோடைகாலம் முழுக்க நினைத்தார். கடைசிவரை அதற்கு ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்கவில்லை. அந்த அம்மா போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு அது ஆறவில்லை.

எங்கள் மெம்பிஸ் ஊரில் திவால் ஆவது சளி பிடிப்பது மாதிரி. பஸ்ஸின் முதுகில் ஒட்டிய விளம்பரத்திலேயே திவால் வக்கீல் பல்லைக் காட்டிக்கொண்டு போவார். அதனால் ஆர்லேதா திவால் மனு போட்டதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் துணி மடிக்கும் பெண்களுக்கு அவர்தான் மேஸ்திரி. நான் அங்கே லாரி ஓட்டுகிறவன். அவர் புருஷன் ஹோரஸுக்கு நுரையீரல் போய்விட்டது. எந்த ஆஸ்பத்திரியின் விரிப்புகளை இந்த அம்மா மடித்தாரோ, அதே ஆஸ்பத்திரியின் பில்தான் அவரைக் கவிழ்த்தது. ஹோரஸும் பிழைக்கவில்லை.

யார் யாருக்குக் கடன் பாக்கி என்று ஒரு ஆள் விடாமல் எழுதச் சொன்னார் வக்கீல். ஆர்லேதா எல்லாரையும் எழுதினார், ஒரே ஒருவரைத் தவிர. எங்கள் தேவாலயத்தில் டீக்கன், அதாவது மூப்பர், ரூக்கர். மரச்சாமான் கடை வைத்திருந்தவர்.

"எல்லாரையும் எழுதணும்னு வக்கீல் சொன்னாரே, மிஸ் ஆர்லேதா?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு முன் வரிசைல வந்து உக்காரப் போறது வக்கீலாடா? டீக்கன்! என் ஹோரஸ் மூச்சுக்குத் தவிச்சப்ப, தலைப்பக்கம் தூக்குற கட்டிலை முன்பணம் வாங்காம வீட்டுக்கு அனுப்பினவரு. அந்தக் கட்டில்லதான் ஹோரஸ் உசுரு போச்சு. அதுக்குக் காசு தரமாட்டேன்னு கோர்ட்ல எழுதிக் குடுக்கச் சொல்றியா?"

இப்படிச் செய்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. பெரிய கம்பெனிகளை எல்லாம் பட்டியலில் எழுதிவிடுவார்கள். முகம் தெரிந்த ஆளை மட்டும் விட்டுவிடுவார்கள்.

என் லாரி டீக்கன் கடை வழியாகத்தான் போகும். வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததும் ஆர்லேதா பணம் வைத்த ஒரு கவரை என் கையில் கொடுப்பார். நான் டீக்கனிடம் சேர்ப்பேன். காதும் காதும் வைத்த மாதிரி. வக்கீலுக்குத் தெரியக் கூடாது என்பதால் ரசீது கிடையாது. கட்டில் கடன் அப்படியே அடைந்தது.

கோர்ட் கடன்களைத் தள்ளுபடி செய்த பிறகுதான் ஆர்லேதாவின் உண்மையான வேலை தொடங்கியது. நம் கடன் கதையைச் சேர்த்து வைக்கிற கம்பெனிகள் மூன்று. மூன்றின் ரிப்போர்ட்டிலும் பழைய கடன் ஒவ்வொன்றும் பாக்கி பூஜ்யம் என்று மாற வேண்டும். தானாக மாறுமா? ஒன்றில் மாறியிருக்கும். இன்னொன்றில் ஹோரஸின் ஆக்ஸிஜன் பில் மாதாமாதம் தவணை தவறிக்கொண்டே இருக்கும். ஆர்லேதா கோர்ட் உத்தரவின் நகலை வைத்துக் கடிதம் எழுதுவார், பதிவுத் தபாலில். சனிக்கிழமை நூலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படிப்பார்.

அதிலிருந்து அவர் கண்ணுக்கு யாருமே யோக்கியன் இல்லை. போனில் "ஆர்லேதா பிங்ஸ்டனா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று சொல்லமாட்டார். "யாரு கேக்குறது?" என்பார். கிரெடிட் கார்டு தருகிறோம் என்று தபால் வந்தால் துண்டு துண்டாக வெட்டி, பாதியைத் தன் குப்பைத்தொட்டியிலும் பாதியை என் வீட்டுத் தொட்டியிலும் போடுவார். ஒருவன் இரண்டையும் கிளறி ஒட்டவைத்துவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அதற்கப்புறம் மூன்றாவது பங்கு ஆஸ்பத்திரிக்கு வந்தது.

அப்போதுதான் அவர் குடியிருந்த வீட்டை விற்கப் போவதாக வீட்டுக்காரர் சொன்னார். கோடை முடிவதற்குள் பணம் புரட்டினால் முதல் உரிமை ஆர்லேதாவுக்கு. ஹோரஸ் வாழ்ந்து செத்த வீடு. தள்ளுபடி ஆகி இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, ரிப்போர்ட் சுத்தமாக இருந்தால் கடன் தருகிறோம் என்றது பாங்க். அந்த அம்மா சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை ரிப்போர்ட்டில் ஒரு புது வரி. கேள்விப்படாத ஒரு வசூல் கம்பெனியின் பெயர். ரூக்கர் மரச்சாமான் கடை, கட்டில், முழுத்தொகையும் பாக்கி.

திங்கட்கிழமை என் லாரியைச் சுற்றி வந்தார்.

"புது டயரா, கிளியோ?"

"ஆஸ்பத்திரி போட்டது, மிஸ் ஆர்லேதா."

"சட்டையும் புதுசு மாதிரி இருக்கே."

"தங்கச்சி வாங்கிக் குடுத்தா."

"ம்."

அந்த 'ம்' இன்னும் என் காதில் இருக்கிறது. மதியம் நேராகவே கேட்டுவிட்டார்: "வெள்ளிக்கிழமைக் கவரெல்லாம் எங்கடா போச்சு?"

டீக்கன் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் இறந்துவிட்டார். கடையை அவர் மருமகன் டெரல் எடுத்து நடத்தினான். பழைய பாக்கிக் கணக்குகளை மூட்டையாகக் கட்டி வசூல் கம்பெனிக்கு விற்றிருந்தான். கடையில் போய்க் கேளுங்கள் என்றேன். கேட்க அந்த அம்மாவுக்குப் பயம். கோர்ட்டில் மறைத்த கடன் அது. வாயைத் திறந்தால் மொத்த வழக்கையும் மறுபடி கிளறுவார்களோ என்று பயந்தார். பயந்தவர் என்னைச் சந்தேகப்படுவதோடு நின்றுகொண்டார். வேலையில் நான் சாப்பிடும் மேஜையை விட்டு வேறு மேஜைக்குப் போனார். அலமாரிக்குப் புதுப் பூட்டு போட்டார். தேவாலயத்தில் நான் நடந்து போனால் பெண்கள் கைப்பையை மடியில் இழுத்துக்கொண்டார்கள். அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லையாம். கைப்பைகள் தாமாகவே நகர்ந்தன போலிருக்கிறது.

அந்த வரி தப்பு என்று மட்டும் மூன்று கம்பெனிகளுக்கும் ஆட்சேபம் எழுதினார். விசாரித்துவிட்டோம், தகவல் சரியே என்று பதில் வந்தது. வசூல் கம்பெனிக்காரன் போனில் தேனாகப் பேசினான்: "கொஞ்சமா ஏதாச்சும் கட்டுங்கம்மா, உங்க நல்ல மனசுக்கு அடையாளமா. மத்ததை நாங்க பாத்துக்குறோம்."

"யாரு கேக்குறது?" என்று போனை வைத்துவிட்டார். கட்டியிருந்தால் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகி, செத்த கடனுக்குப் புது உயிர் வந்திருக்கும். அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது அந்தச் சந்தேக புத்திதான்.

கோடை கரைந்துகொண்டே போனது. ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. வேலை முடிந்ததும் என் சொந்தப் பிக்கப் வண்டியை அவர் முன்னால் நிறுத்தினேன்.

"ஏறுங்க."

"எங்க?"

"ரூக்கர் கடைக்கு. நான் திருடன்னா அங்கயே போலீஸைக் கூப்பிடுங்க."

பின் சீட்டில்தான் உட்கார்ந்தார்.

டெரல் எழுந்துகூட நிற்கவில்லை. "காசு குடுத்தீங்களா? ரசீதைக் காட்டுங்க."

என்னிடம் ஏது ரசீது? ஆர்லேதா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு விலங்கே மாட்டியாகிவிட்டது. அப்போது விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த வினிட்டா தலையைத் தூக்கினாள். டீக்கன் காலத்திலிருந்து அங்கே வேலை பார்ப்பவள்.

"இந்தத் தடியனா? இவனை மறக்க முடியுமா? வெள்ளிக்கிழமையானா வந்து அந்தத் தோல் நாற்காலில சாஞ்சுக்குவான். வறுத்த கோழியைத் தின்னுட்டு எண்ணெக் கையைக் கைப்பிடிலயே தொடைப்பான். அந்தக் கறைக்காகவே அதைப் பாதி விலைக்குத் தள்ளினோம்!"

"காசு?" என்றார் ஆர்லேதா.

"டீக்கன் கைல கவர் குடுப்பான். அவரு கோட்டுப் பைக்குள்ள வச்சுக்குவாரு. கணக்குல ஏத்தட்டுமான்னு ஒருதடவை கேட்டேன். 'வேணாம், இது எனக்கும் மிஸ் பிங்ஸ்டனுக்கும் நடுவுல'ன்னாரு."

டீக்கன் ஆர்லேதாவுக்காகத்தான் எழுதாமல் விட்டாரா, இல்லை அந்தப் பணம் கோட்டுப் பையோடு நின்றுவிட்டதா? என் அபிப்பிராயத்தை நான் சொல்லப் போவதில்லை. செத்தவரைப் பேசாதே என்று ஆர்லேதா வாயை அடைத்துவிட்டார்.

"வாய் வார்த்தைக்கெல்லாம் நான் ஒண்ணும் செய்ய முடியாது," என்றான் டெரல்.

"சரிப்பா," என்றார் ஆர்லேதா. "ஞாயித்துக்கிழமை சபைல சாட்சி சொல்ற நேரம் வருமில்ல? நான் எழுந்திருச்சு, கர்த்தர் எனக்கு ஒரு கட்டில் குடுத்த கதையை முழுசா சொல்றேன். கோட்டுப் பை வரைக்கும்."

டெரல் பேனாவைத் தேடினான். கணக்கு அடைந்தது, தவறுதலாக விற்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அங்கேயே வசூல் கம்பெனிக்கும் போன் போட்டான். ஆர்லேதா அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, வினிட்டாவையும் கையெழுத்துப் போடச் சொன்னார்.

திரும்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்தார். பாதி வழியில் கேட்டார்: "அந்தக் கோழி எந்தக் கடைல வாங்குவ?"

அவ்வளவுதான். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

வக்கீலிடமும் போய் உண்மையைச் சொன்னார். வழக்கு கிளறப்படவில்லை, வக்கீலின் வாயில்தான் விழுந்து எழுந்தார். இரண்டு கம்பெனிகள் அந்த வரியைச் சீக்கிரம் எடுத்தன. மூன்றாவது இழுத்தடித்தது. அது எடுப்பதற்குள் அந்த வீட்டை, மொத்தமாக வீடுகளை வாங்கிப் போடுகிற வெளியூர்க்காரன் கொத்திக்கொண்டு போய்விட்டான். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு தெரு தள்ளி வேறொரு வீடு வாங்கினார், அதைவிடச் சின்னது. கட்டிலை என் வண்டியில்தான் ஏற்றிப் போனோம். வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றினேன். கழற்றிய திருகாணிகளை அந்த அம்மா எண்ணி வாங்கி வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் வருஷக்கணக்காகச் சனிக்கிழமை நூலகத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். யாரும் அவர் பெயரில் கடன் வாங்க முடியாதபடி மூன்று கம்பெனிகளிலும் பூட்டுப் போட்டு வைத்தார். புது வரி எதுவும் வரவில்லை. வரவில்லை என்பதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

கடைசியில் அதே ஆஸ்பத்திரியில் படுத்தார். விரிப்பின் மூலை சரியாக மடிக்கவில்லை என்று முணுமுணுத்துவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"கிளியோ, நான் கண்ணை மூடினதும் இறப்புச் சான்றிதழ் வாங்கு. என்னைப் புதைக்கிறதுக்கு முன்னாடி மூணு கம்பெனிக்கும் அனுப்பிரு. செத்தவ பேர்ல கார் வாங்குறவன் எல்லாம் இருக்கான்."

"சரி, மிஸ் ஆர்லேதா."

"பதிவுத் தபால்ல. ஒப்புகை அட்டை திரும்பி வரணும்."

"யாருக்குத் திரும்பி வரணும்? நீங்கதான் இருக்கமாட்டீங்களே."

விரிப்பின் மூலையைத் தானே இழுத்து மடித்தார்.

"என் பேருக்கே வரட்டும். வந்ததும் மூணையும் கொண்டுவந்து என் கல்லறைல வச்சுட்டுப் போ. உன்னை ரசீது இல்லாம நம்பினது ஒரு தடவை போதும்டா."