நாய் இருக்கிற வீட்டில் நைனா சாப்பிட மாட்டார்

மற்ற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காஞ்சிபுரத்தில் எங்களைப் போன்ற தறிக்காரர்களுக்கு அமாவாசைதான் விடுமுறை. அன்று தறி ஓடாது. மாதத்தில் அந்த ஒரு நாளாவது மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மேட்னி ஷோ போகலாம் என்று மீதி நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பேன். அமாவாசை வந்ததும்தான் தெரியும், தறியில் உட்கார்ந்திருப்பதே சுகம் என்று.

காரணம் காக்கை. செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, அது வாய் வைத்த பிறகுதான் வீட்டில் இலை போடுவார்கள். ஊரில் ஏதோ ஒரு வீட்டில் வைத்தால் சரி. எங்கள் தெருவில் அத்தனையும் தறி வீடு. அத்தனை வீட்டிலும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வடை பாயசம். போதாக்குறைக்குக் குளக்கரையில் பிண்டம் வேறு. காக்கைகளுக்கு அன்று பயங்கர கிராக்கி. வயிறு முட்டத் தின்றுவிட்டு, எந்த வீட்டு வடை மொறுமொறுப்பு என்று பார்த்துப் பார்த்து இறங்கும். எதிர் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, செத்துப்போன தன் அப்பாவைப் பற்றிப் பெருமை பேசுவார். "எங்க நைனா காலையிலயே வந்து துன்னுட்டு போயிட்டாருபா. உங்களுது இன்னும் ஆவலியா?" என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுது ஆகாது. எங்கள் நைனா கோபத்தில் இருந்தார். செத்தும் அவருக்குக் கோபம் தீரவில்லை என்பது அம்மாவின் முடிவு.

எல்லாம் இரண்டு நாய்களால் வந்தது. செவலை ஒன்று, கறுப்பு ஒன்று. தெருநாய்கள்தான். வடித்த கஞ்சியையும் மிச்சச் சோற்றையும் ஊற்றி ஊற்றி அவற்றை வீட்டு நாய்கள் ஆக்கியது அம்மா. ஒரு நாள் விடியற்காலையில் நைனா தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூல் பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி இழை சரிபார்த்துக்கொண்டிருந்தார். செவலை ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு வந்தது. பூனை பாவுக்கு அடியில் புகுந்து போய்விட்டது. செவலைக்கு அந்த அறிவு இல்லை, நடுவில் பாய்ந்தது. அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து தீர்க்க நைனாவுக்குப் பொழுது சாய்ந்துவிட்டது.

"இந்த வூட்ல ஒண்ணு நாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றார்.

அம்மா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல், "நாய் சொன்ன பேச்சு கேக்குது" என்றாள்.

அவ்வளவுதான். நாய் இருக்கிற வீட்டில் சோற்றில் கை வைக்க மாட்டேன் என்று நைனா சபதம் போட்டுவிட்டார். பசிக்காமல் இருக்குமா? தறி போட்டிருந்த அறைக்குத் தெருப் பக்கம் தனி வாசல் உண்டு. ஆகவே அது வேறு வீடு என்று அவரே தீர்ப்புச் சொல்லி, தட்டை அங்கே வரவழைத்து, தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சாப்பிட்டார். அம்மாவோடு பேச்சு கிடையாது. அம்மா ஒரு முழம் தள்ளி நிற்கும்போதே, "கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லுபா" என்பார் என்னிடம். அம்மா கறுப்பு நாயைப் பார்த்து, "நாக்கு செத்துப்போனா உப்பு எங்க தெரியும்" என்பாள். இப்படியே மூன்று மாதம் ஓடியது. இரண்டு பேருக்குமே அந்தச் சண்டை கொஞ்சம் பிடித்திருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிறகு ஒரு நாள் நைனா தறியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அம்மாவிடம் பேசாமலே போய்விட்டார்.

வருஷத் திவசம் முடிந்ததும் அமாவாசைதோறும் கிணற்று மேடையில் அவருக்குச் சோறு வைத்தோம். ஒரு தடவைகூடக் காக்கை வாய் வைக்கவில்லை. விடுமுறை நாளில் தெருவில் பாவு கிடையாது, அதனால் நாய்களை விரட்டவும் ஆள் கிடையாது. அவை இரண்டும் ஏக குஷியாகக் காக்கைகளைத் துரத்திவிட்டு இலையை வழித்துவிடும். ஒரு முறை ஓட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். இலை சரிந்து பக்கத்து வீட்டு முற்றத்தில் விழுந்து, அவர்கள் வீட்டுச் செத்துப்போன தாத்தா காக்கையாக வந்து சாப்பிட்டுவிட்டார். அம்மா மட்டும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். "நாய் இருக்கற வூட்ல துன்னமாட்டேன்னாரு இல்ல, சொன்ன சொல்ல காப்பாத்திக்கினு இருக்காரு" என்பாள். அன்றைக்கு மட்டும் என்றில்லை, மற்ற நாளிலும் சோறு குறைந்துகொண்டே வந்தது. ஆள் பாதியாகிவிட்டாள். அவளைப் பார்த்தால் எனக்கு நைனா மேல் கோபம் வரும்.

அந்த ஆடி அமாவாசைக்கு அம்மா இறங்கி வந்தாள்.

"நாய்ங்கள இட்டுக்கினு போயி முசரவாக்கத்துல வுட்டுட்டு வா. அவரே கெலிச்சதா இருக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு இரண்டுக்கும் கடைசியாக ஒரு வட்டில் கஞ்சி ஊற்றினாள்.

முசரவாக்கத்தில் என் மனைவியின் அண்ணன் பயிர் வைத்திருந்தார். காவலுக்கு ஒரு நாய் இருந்தால் தேவலை என்று எப்போதோ சொன்னவர். கறுப்பை ஒரு சாக்கில் தலை மட்டும் தெரியும்படி இறக்கி, சைக்கிள் கேரியரில் கட்டினேன். செவலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். நாயைக் கயிறு கட்டி நடத்திக்கொண்டு போகிற வழக்கமெல்லாம் எங்கள் பக்கம் கிடையாது. தெருவே வேடிக்கை பார்த்தது. பெட்டிக்கடை பாய் கவலையோடு என்னை நிறுத்தினார். "கடிச்சிடுச்சா? கடிச்சா உன்னத்தான்பா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும், நாய இல்ல" என்று புத்தி சொன்னார்.

முசரவாக்கம் போய்ச் சேர்ந்தபோது மச்சான் வீட்டுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்து "கா, கா" என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார். நாய்களைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"இன்னிக்கா மாப்ள நாய இட்டுக்கினு வருவ? எங்கப்பனே இன்னும் வரல. இங்க இருக்கற காக்காயெல்லாம் உங்க தெரு வடைக்கு டவுனுக்கு போயிடுச்சி" என்றார். "காக்கா துன்ற வரைக்கும் அந்தாண்ட தள்ளி நில்லு."

வரப்பில் ஒரு புங்க மரத்தடியில் நாய்களோடு நின்றேன். வானத்தில் எது பறந்தாலும் செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு குரைத்தது. மச்சான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "நம்ம ரெண்டு வூட்டு ஒறவும் நல்லா இருக்கணும்னா இதுங்கள இட்டுக்கினு போயிடு மாப்ள." தங்கையைக் கட்டியவனுக்கு ஒரு டம்ளர் மோர்கூடக் கொடுக்கவில்லை. வந்த வழியே நாய்களோடு திரும்பினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மேட்னி ஷோ இந்நேரம் ஆரம்பித்திருப்பார்கள்.

வீட்டில் அம்மா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் இலை அப்படியே இருந்தது, மேல் சோறு காய்ந்துவிட்டிருந்தது.

"நாய் இல்ல. அப்பவும் வரல" என்றாள். "அப்போ அவருக்கு நாய் மேல கோவம் இல்லடா. என் மேலதான்."

அம்மாவின் குரல் உடைந்தது. அடுப்படி வாசலில் நின்ற என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செவலையின் கயிறு கையைவிட்டு நழுவியதுகூட எனக்குத் தெரியவில்லை.

செவலை நேராக மேடையேறி இலையில் வாய் வைத்தது. அம்மா விரட்டவில்லை. அப்போது முருங்கை மரத்திலிருந்து ஒரு காக்கை இறங்கியது. தத்தித் தத்தி நாய்க்குப் பின்னால் வந்து, வாலை அலகால் கவ்வி ஓர் இழு இழுத்தது. செவலை வீலென்று திரும்பியதும் காக்கை முன்னால் தாவி ஒரு வடையைத் தூக்கியது. வடை கிடைத்தால் போக வேண்டியதுதானே? போகவில்லை. வடையைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்துவிட்டு, திரும்பி வந்து மறுபடி வாலை இழுத்தது. செவலை ஊளையிட்டுக்கொண்டு கொல்லைக்கு ஓடியது. காக்கை அதன் பிறகுதான் நிதானமாக இலையில் வாய் வைத்தது.

"அவருதான்" என்றாள் அம்மா.

எனக்கும் சந்தேகம் இல்லை. அம்மா எழுந்தாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காக்கைக்கு எதிரில் போய் நின்றாள்.

"நாய் வாய் வெச்ச எலயில துன்றியே, வெக்கமா இல்ல? மூணு மாசம் மூஞ்ச திருப்பிக்கினு இருந்தியே, நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னியா? வேற எதையும் பேச வேணாம். அதையாவது என்னாண்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

காக்கை மிரண்டு பறந்துவிட்டது. அம்மா நிறுத்தவில்லை. காலியான மேடையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளே இலை போட்டுவிட்டு வந்த மனைவி, கூப்பிடட்டுமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன்.