கீறல் இல்லை என்று சொல்லக் கூக்கால் வரை

என் சித்தி மரகதத்துக்கு எண்பது வயது. அணு இயற்பியலாளர். அணுக்கள் வெளிவிடும் ஒளியைக் கோடு கோடாகப் பிரித்து அளந்தே நாற்பது வருடம் ஓட்டியவர்; அவர் துறையில் ஆய்வுக்கூடத் தலைமைக்கு வந்த முதல் பெண். பிடிவாதமும் அந்த அளவுக்கு உண்டு. போன மாசியில் திடீரென்று, "கூக்காலுக்குக் கூட்டிட்டுப் போடி, ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

ஒட்டன்சத்திரத்தில் காலை 5.30க்கு பஸ் ஏறி, பழனியில் மாறினோம். பழனியிலிருந்து கொடைக்கானல் 65 கி.மீ., மூன்று மணி நேரம், ஆளுக்கு 90 ரூபாய். என்ன விஷயம் என்பதை மலை ஏற ஆரம்பித்த பிறகுதான் சொன்னார்.

அந்த ஒருத்தர் செல்லையா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். சித்தியின் இருட்டறையில், ஒளிக்கோடுகள் பதிந்த கண்ணாடித் தகடுகளைக் கழுவும் உதவியாளர். சந்தேகமான கோட்டைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுப்பார். கோடா, கீறலா என்று சித்தி முடிவு சொல்வார். ஒருமுறை செல்லையா ஒரே இடத்தில் மெல்லிய கோடொன்றை மூன்று தகடுகளில் வட்டமிட்டுக் காட்டியிருக்கிறார். "கழுவுறப்ப உங்க நகம் பட்டிருக்கும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அந்த வட்டங்களை அடித்துவிட்டார் சித்தி. அந்த மாதமே செல்லையா வேலையை விட்டுக் கூக்கால் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று அதே கோட்டைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. எனக்குச் சித்தி மேல் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது.

கொடைக்கானலில் இட்லி சாப்பிட்டுவிட்டு 11 மணி பஸ். கூக்கால் 40 கி.மீ., இரண்டு மணி நேரம். இறங்கும்போது கண்டக்டர், "திரும்புற பஸ் மூணு மணிக்குங்க. வெரசா சோலிய முடிச்சிட்டு வந்துருங்க" என்றார்.

ஏரிக்கு மேலே, மலைப்பூண்டு காயப்போட்ட வாசலில் செல்லையா இருந்தார். சித்தி உட்காரக்கூட இல்லை.

"செல்லையா, அது கீறல் இல்ல. கோடுதான். நீங்க பாத்தது சரி, நான்தான் தப்பு."

திட்டுவாரோ என்று பயந்தேன். அவரோ வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "மீனாச்சி, இங்கன வா!"

கையைத் துடைத்துக்கொண்டே மீனாச்சி வந்தார். செல்லையா சித்தி பக்கம் திரும்பினார்.

"இன்னொருக்கா சொல்லுங்கம்மா. தகட்டக் கெடுத்ததுக்குத்தான் என்னைய அனுப்பிட்டாங்கன்னு இவ இத்தன வருசமா சொல்லிக்கிட்டுக் கெடக்கா."

சித்தி மறுபடி சொன்னார். எந்தத் தகடு, எத்தனை தடவை காட்டினார் என்பதெல்லாம் சேர்த்து. மீனாச்சி புருஷனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று தெருவில் இறங்கிப் போனார்.

கூக்கால் போகிறவர்களுக்கு: சாப்பாடு கையில் எடுத்துப் போங்கள், ஸ்வெட்டர் வேண்டும், பஸ் குறைவு. மூன்று மணி பஸ்ஸை விட்டால் கொடைக்கானலுக்கு ஜீப் 1,800 ரூபாய். நாங்கள் விட்டுவிட்டோம். மீனாச்சி அக்கம்பக்கத்தில் ஆறு பேரைக் கூட்டி வந்திருந்தார். அவர்களுக்காகச் சித்தி எழுந்து நின்று, முதலிலிருந்து சொன்னார்.