பானுப்ரியா தன் வண்டியைத் தானே கீழே தள்ளிய கதை

வேடசந்தூர் நூல் மில்லில் பானுப்ரியாவுக்கு வேலை, நூலை அறுப்பது. பரிசோதனைக் கூடத்தில் நூலை மிஷினில் மாட்டி, எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று பார்ப்பாள். நல்ல நூல் என்று யார் சொன்னாலும், "அறுத்துப் பாத்தீங்களா?" என்பாள். பெண் பார்க்க வந்த அன்று, கோபக்காரரா என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றே மாப்பிள்ளை சட்டையில் காப்பியைக் கொட்டினாள் என்று அவள் கணவர் இளஞ்செழியன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அவள் மறுத்ததே இல்லை.

போன வருஷம் அவள் ஒரு அட்வென்ச்சர் பைக் வாங்கினாள். கல்லிலும் மேட்டிலும் ஏறுவதற்கென்று உயரமாகச் செய்த வண்டி. பானு உயரமில்லை. ஓட்டும்போது கவலையில்லை, நிற்கும்போதுதான் வம்பு. பெருவிரல் மட்டும்தான் தரையைத் தொடும். அந்த இடம் கொஞ்சம் பள்ளமாக இருந்துவிட்டால், வண்டி அவசரமில்லாமல் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும்.

மில் கேட்டிலேயே ஒருநாள் படுத்தது. கிளட்ச் லிவர் ஒடிந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தாள், முட்டுக் கொடுத்தாள், அசையவில்லை. மில் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள்தான் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள்.

"ஏண்டி பானு, குதிர வாங்கத் தெரிஞ்சுச்சு, கூட ஒரு ஏணி வாங்கத் தெரியலையா?" என்றாள் ஜக்கம்மாள், நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை பார்க்கிறவள். பஸ்ஸே சிரித்தது.

பானுவும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் ஒரு பரீட்சை இருந்தது. திண்டுக்கல் நாகல் நகரில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஆசாத், ஆண்டுக்கு ஒருமுறை இமயமலைப் பக்கம் ஸ்பிதிக்கு ஒரு கூட்டத்தை அழைத்துப் போவார். இந்த முறை பானுவுக்கும் லீவு கிடைத்திருந்தது. ஆசாத்துக்கு இரண்டு நிபந்தனை. வண்டி விழுந்தால் எஞ்சினைக் காக்கும் இரும்புக் கார்டு மாட்டியிருக்க வேண்டும். விழுந்த வண்டியை ஒத்தை ஆளாகத் தூக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் தூக்கிக் காட்டினால்தான் இடம்.

"கார்டு மாட்டுனா இன்னும் வெயிட்டு ஏறும் பாய். இப்பவே தூக்க முடியல," என்றாள் போனில்.

"மாட்டலைனா எஞ்சின் ஒடையும்மா. அந்த மலையில யாரு வந்து பாப்பா?"

"கார்டு இருந்தா ஒடையாதுன்னு எப்பிடிச் சொல்றீக?"

"எல்லாரும் மாட்டுறாங்கள்ல?"

இந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் புலம்பியபோது, ஜக்கம்மாள் ஒரு சேதி சொன்னாள். தொப்பம்பட்டிப் பக்கம் நல்லுசாமி என்று ஒரு தென்னந்தோப்புக்காரர். இதே மாதிரி வண்டி. மலை ரோட்டில் விழுந்து, கால் போக வேண்டியது பிழைத்ததாம். "கார்டுதான் காப்பாத்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

சனிக்கிழமை மத்தியானமே பானு தொப்பம்பட்டியில் இருந்தாள். நல்லுசாமி தோப்பில் கட்டிலைப் போட்டு, ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, அத்தன தூரத்துல இருந்து இதுக்காகவா வந்தீங்க?"

"கார்டு காப்பாத்துச்சுன்னு கேள்விப்பட்டேண்ணே. அதத்தான் பாக்கணும்."

"அதுக்கென்னுங்க, காட்டறனுங்க. அது மட்டும் இல்லீனா என்ற காலு போயிருக்குமுங்க." வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ புள்ள, பீரோவுல இருந்து அந்தக் கார்ட எடுத்தா!"

பீரோவிலா? பானு விழித்தாள். உள்ளேயிருந்து வந்தது பிளாஸ்டிக் உறை போட்ட இன்சூரன்ஸ் கார்டு. ஆபரேஷன், காலுக்குள் கம்பி, எல்லாம் அதில்தான் நடந்ததாம். பானு அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் அவர் அவளைவிடப் பலமாகச் சிரித்தார்.

"நீங்க கேக்கறது வண்டில மாட்டற கம்பியா! நாங்க அதைக் கம்பீம்போமுங்க. அது மோட்டார் ரூம்ல கெடக்குது."

அதையும் போய்ப் பார்த்தாள். எஞ்சினின் இரண்டு பக்கமும் வளைந்து நிற்கும் தடித்த குழாய். இடது பக்கம் தேய்ந்து, உள்வாங்கியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள்.

"எஞ்சினுக்கு?"

"கீறல் கூட இல்லீங்க."

"பெறகு காலு எப்பிடி ஒடஞ்சுச்சு?"

"அது ரோட்டோரக் கல்லுல இடிச்சதுங்க. கம்பி என்னத்தப் பண்ணும்? ஆனா ஒண்ணுங்க. வண்டி மட்டமாப் படுக்கல. கம்பி மேல ஒரு சாய்வா நின்னுச்சு. அந்தச் சந்துல காலை உருவிக்கிட்டனுங்க."

சாய்வாக நின்றது. பானுவின் மனசு அந்த வார்த்தையில் மாட்டிக்கொண்டது. மில் கேட்டில் அவள் வண்டி மட்டமாகப் படுத்திருந்தது, தரையோடு தரையாக. கார்டு மாட்டினால் வண்டி பாதி எழுந்தே கிடக்கும், தூக்குவது சுலபமாகுமோ? கூடுதல் எடை ஒரு பக்கம், குறைந்த சாய்வு மறுபக்கம். எது ஜெயிக்கும்? திரும்பி வரும் வழியெல்லாம் இதே கேள்வி.

ஞாயிறு காலை ஆசாத் கடைக்குப் போய், எஞ்சின் கார்டை மட்டும் மாட்டச் சொன்னாள். மாட்டி முடித்ததும் வண்டியை ரோட்டோரம் தள்ளிக்கொண்டு போனாள்.

"எங்கம்மா கொண்டுபோறே?"

"கீழ தள்ளப் போறேன் பாய்."

"யா அல்லா! நல்ல வண்டிம்மா. செத்த பொறு, சாக்கு விரிக்கிறேன்."

"ஸ்பிதி ரோட்டுல சாக்கு விரிச்சா வச்சிருக்காக?"

எதிர் டீக்கடையிலிருந்து கிளாஸும் கையுமாகக் கூட்டம் கூடியது. "புருசன் மேல உள்ள கோவத்த வண்டி மேல காட்டுதுப்பா," என்றது ஒரு குரல். பானு காதில் வாங்கவில்லை. உருளாமலிருக்கக் கியரில் போட்டாள். இடது பக்கம் சாய்த்தாள். கையை விட்டாள்.

டமார் என்றது. கூட்டம் ஒரு எட்டு பின்வாங்கியது. பானு குனிந்து அடியில் எட்டிப் பார்த்தாள். கார்டும் ஹேண்டில்பார் முனையும் தரையில் ஊன்ற, வண்டி பாதிச் சாய்வில் நின்றது. எஞ்சின் தரையைத் தொடவில்லை. லிவர் மட்டும் வளைந்திருந்தது.

வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சீட்டில் இடுப்பை அண்டக்கொடுத்தாள். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்கம்பியில். குதிகாலை ஊன்றிப் பின்பக்கமாகத் தள்ளினாள். முதல் தடவை வழுக்கியது. செருப்பை உதறிவிட்டு மறுபடி தள்ளினாள். வண்டி முனகிக்கொண்டே எழுந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது, முகம் சிவந்தது. ஆனால் வண்டி நின்றது.

டீக்கடைக்காரர்கள் விசிலடித்தார்கள். ஆசாத் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"இத்தன வருசமா மாட்டிவிடுறேன், ஒருத்தரும் தள்ளிப் பாத்ததில்ல. சரிம்மா, நீ வாரே. கைக்கும் அடிப்பக்கத்துக்கும் கார்டு மாட்டிருவோம். ஹெட்லைட்டுக்குக் கூண்டு?"

"கைக்கு வேணும், லிவர் போச்சுன்னா வண்டி நகராது. அடிக்கும் வேணும், கல்லு இருக்கு. கூண்டு எதுக்கு? வெளிச்சத்தத்தான் மறைக்கும்."

அப்போதுதான் ஆசாத் அவள் காலைப் பார்த்தார். வண்டி விழுந்த வேகத்தில் அதன் கால்மிதிக் கம்பி உரசி, கணுக்காலுக்கு மேல் தோல் வழன்றிருந்தது.

"ஏம்மா, ரத்தம்!"

பானு காலைத் திருப்பிப் பார்த்தாள். வலியைவிட யோசனைதான் முகத்தில் இருந்தது.

"வண்டிக்கு மாட்டியாச்சு. காலுக்கு ஒண்ணும் மாட்டலையே," என்றவள் நிமிர்ந்தாள். "ஏன் பாய், இந்த ஊர்ல இம்புட்டுத் தோல் பதனிடுறாக. முழங்கால் வரைக்கும் பூட்ஸ் தைக்கிற ஆளு யாராச்சும் இருக்காகளா?"