மாமா திருப்பி வைக்காத சல்யூட்

என் கணவரின் தந்தையை நான் மாமா என்றே அழைத்தேன். அவர் போலந்து நாட்டுக்காரர் என்பதால் அந்தச் சொல்லை முதலில் விளக்க வேண்டியிருந்தது. "எங்கள் ராணுவத்தில் இல்லாத பதவி. ஏற்றுக்கொள்கிறேன்" என்றார். அவர் மறைந்து ஓராண்டு நிறைகிறது. ஆங்கிலத்தில் ஒரு நினைவு மலர் வெளியிட்டோம். "நம்ம சனத்துக்குத் தமிழ்ல ஒண்ணு போடும்மா. சம்பந்தி யாருன்னு தெரியட்டும்" என்று வேலூரிலிருந்து அப்பா சொன்னதால் இதை எழுதுகிறேன்.

மாமா பிறந்த கிராமம் இன்று வேறொரு நாட்டில் இருக்கிறது. போருக்குப் பின் எல்லைக்கோடு நகர்ந்தபோது குடும்பம் ஒரே பெட்டியுடன் மேற்கே வந்தது. சிறுவயதில் தந்தையை இழந்தவர், ராணுவப் பள்ளியில் படித்து, நாற்பதைத் தாண்டியதும் ஜெனரல் ஆனார். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது படையை ஏவ அரசு முடிவெடுத்தபோது அவர் வெளிநாட்டுப் பணியில் இருந்தார். திரும்பிப் போகவில்லை. அத்தையும் கைக்குழந்தையான என் கணவரும் உடனிருந்தார்கள். ராணுவ நீதிமன்றம் அவர் இல்லாமலேயே விசாரித்து, மரண தண்டனை விதித்து, பதவியையும் பறித்தது.

அமெரிக்கா அடைக்கலம் கொடுத்தது. நியூ ஜெர்சியில் பள்ளிப் பேருந்துப் பணிமனையில் வேலை கிடைத்தது. எந்தப் பேருந்து எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு என்று இருபது ஆண்டுகள் அட்டவணை போட்டார். அவருடைய கண்டிப்பைப் பார்த்து ஓட்டுநர்கள் கேலியாக 'ஜெனரல்' என்று கூப்பிட்டார்களாம். அது உண்மை என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அத்தை காலமான பிறகு டெக்சாஸ் மாநிலத்தில் பிளானோ என்ற ஊரில் எங்களுடன் தங்கினார்.

அப்பா இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப் பார்க்க முதல்முறை பிளானோ வந்திறங்கிய அன்றே குதிகால் சேர்த்து மாமாவுக்கு ஒரு சல்யூட் வைத்தார். மாமா எழுந்து நின்று தலையை மட்டும் அசைத்தார். தினமும் காலையில் இதே கதை. இரண்டாவது வாரம் அப்பா என்னைத் தனியே அழைத்தார்.

"ஹவில்தார் சல்யூட்னா அவ்ளோ இளக்காரமாம்மா?"

மாமாவிடம் கேட்டேன். "கழுகுச் சின்னம் வைத்த தொப்பி இல்லாமல் நாங்கள் சல்யூட் வைப்பதில்லை" என்றார்.

"தொப்பிதானே மாமா, ஆன்லைன்ல ஆர்டர் பண்றேன்."

"அதை அணியும் உரிமையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அதையும் ஆர்டர் செய்வாயா?"

அப்பாவிடம் சொன்னேன். "தொப்பி இல்லாம நாங்களும் வைக்க மாட்டோம்தான். வீட்லதானேன்னு வெச்சேன். சரி, அவர் பதவிய வாங்கிட்டு வரட்டும். நான் வெயிட் பண்றேன்" என்றார்.

போலந்தில் ஆட்சி மாறியதும் தண்டனையை ரத்து செய்துவிட்டார்கள். பதவிக்கு மட்டும் தனியாக மனு கொடுக்க வேண்டுமாம். மனுவை நான் நிரப்பி மூன்று ஆண்டுகளாக வைத்திருந்தேன். கடைசி வரியில் 'பணிவுடன் வேண்டுகிறேன்' என்று இருந்ததால் மாமா கையெழுத்துப் போட மறுத்தார். நான் கோபித்துக்கொண்டு பேசாமலும் இருந்து பார்த்தேன். அப்பா காத்திருப்பதைச் சொன்ன மறுநாள் காலை, மனு கையெழுத்தாகி என் மேசையில் இருந்தது.

அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் நடந்ததை எழுத எனக்கு இன்னும் பொறுமை வரவில்லை. போலந்து ராணுவ அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அந்தக் கிராமத்தின் பதிவேடு போரில் எரிந்துபோனது. எரிந்ததற்குச் சான்றிதழ் கேட்டார்கள். அனுப்பினேன். பதவியைப் பறித்த உத்தரவின் மூலப்பிரதி கேட்டார்கள். அது அவர்களுடைய அலுவலகத்தில்தான் இருக்கிறது. திங்கள்கிழமைதோறும் மின்னஞ்சல் அனுப்பினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றே பதில் வந்தது.

கடைசி வாரம் அப்பா வேலூரிலிருந்து வந்தார். மருத்துவமனைக் கட்டிலின் முன்னால் நின்று வழக்கம்போல் சல்யூட் வைத்தார். மாமா என்னைப் பார்த்தார்.

"கடிதம் வந்ததா?"

"இன்னும் இல்ல மாமா."

போர்வைமேல் இருந்த கை அப்படியே இருந்தது. வந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாளில் அவர் போய்விட்டார்.

இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், பக்கத்து ஊரான ஆலனிலிருந்து தினமும் சுங்கச்சாலையில் காரோட்டி வந்து சாப்பாடு கொடுத்த தமிழ் ஆன்ட்டி, நியூ ஜெர்சியிலிருந்து அடக்கத்துக்கு வந்த ஆறு பேருந்து ஓட்டுநர்கள், விசாவுக்கு அலைந்து சரியான நேரத்தில் வந்த அப்பா, எல்லோருக்கும் எங்கள் நன்றி. அந்த அலுவலகத்துக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கும் நாள்வரை கடிதம் வரவில்லை. இந்த மலரின் முதல் பக்கத்தில் உள்ள மாமா படத்தின் கீழே 'ஜெனரல்' என்று போடச் சொன்னார் அப்பா. மாமா ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால் ஒரு வரி அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். இந்த மலரைப் பெற்ற ஒவ்வொருவர் முகவரியும் என்னிடம் இருக்கிறது. கடிதம் வந்ததும் பதவி அச்சிட்ட சீட்டு ஒன்று அனுப்புவேன். தயவுசெய்து அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.