ஒத்திகைக்கு முந்தின நாள் ஊரைவிட்டுப் போன கோழிகள்

பூவாத்தாளுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் ஊற்றிய பாலை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போவாள். போர்டைப் படித்துவிட்டு பஸ் ஏறினாலும் கண்டக்டரிடம், "ராசிபுரந்தானுங்களே?" என்று கேட்பாள். நாமகிரிப்பேட்டைப் பக்கம் நான் மேனேஜராக இருக்கும் கோழிப்பண்ணையில் அவள் பதினோரு வருடமாக முட்டை பொறுக்குகிறாள். புருஷன் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. எனக்கு எரிச்சலூட்டும் பெண்தான். ஆனால் கீறல் விட்ட முட்டை ஒன்றைக்கூட அவள் அட்டையில் வைத்ததில்லை.

பண்ணையில் ஒரு கண்டிப்பு உண்டு. இங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது. வீட்டுக் கோழியின் நோய் கையோடும் காலோடும் இங்கே வந்துவிடும். வளர்ப்பது தெரிந்தால் மறுநாள் வேலை இல்லை. அதை எழுதி வாசலில் ஒட்டியவன் நான். அவர்கள் குடியிருக்கும் தெருவில் சேவல் கூவுவது என் காதில் விழாமல் இல்லை. கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

போன புதன்கிழமை மதியம் எல்லாரையும் கூப்பிட்டேன். நாளைக்குப் பறவைக் காய்ச்சல் ஒத்திகை, கால்நடை டாக்டர்கள் வந்து பண்ணையையும் தெருவையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள், நிஜமாக நோய் எதுவும் இல்லை என்றேன்.

"நோவு இல்லாமயா இத்தனை பேரு வாராங்க?" என்றாள் பூவாத்தாள். "எதையோ மறைக்கறீங்க."

"சும்மா செஞ்சு பாக்கறதும்மா."

"சும்மா செய்யறவங்க எதுக்குங்க ஊடு ஊடா வாராங்க?"

மறுநாள் வெள்ளைப் பாதுகாப்பு உடை போட்டவர்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் ஆட்கள் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்தார்கள். கேட்டதற்கெல்லாம் நான் ஒட்டியிருந்த நோய்த்தடுப்பு போஸ்டரில் இருந்தபடியே பதில் சொன்னார்கள். மதிப்பெண் போட வந்த டாக்டர் அறிவுச்செல்விக்கு ரொம்பத் திருப்தி. தெருவுக்குப் போய்த் திரும்பியபோது அவர் முகம் மாறியிருந்தது.

"கூடு இருக்கு. எச்சம் ஈரமா இருக்கு. ஒரு வீட்டுலயும் கோழி இல்ல. எங்க போச்சு?"

எல்லாரும் பூவாத்தாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீலக் கதவு வீடு உங்களுதுதானே?" என்று பூவாத்தாளிடம் கேட்டார்.

"கோழியெல்லாம் நாய் புடிச்சிருச்சுங்க."

"எல்லார் வீட்டுலயுமா? நான் உங்க கோழியைப் பிடிக்க வரலம்மா. நோய் நெசமா வந்திருச்சுன்னுதானே நீங்க நெனச்சீங்க?"

"இப்பவும் அப்படித்தானுங்க நெனைக்கறேன்."

"அப்படி நெனச்சுக்கிட்டே, அந்தக் கோழிகளை யார் வீட்டுல கொண்டுபோய் விட்டீங்க?"

பூவாத்தாளின் முகம் செத்துவிட்டது. அதிகாரிகள் கண்ணில் படக்கூடாது என்பதைத் தவிர வேறெதையும் அவள் யோசித்திருக்கவில்லை.

"ஆட்டையாம்பட்டிங்க, தங்கச்சி ஊடு. கூடையில வெச்சு பஸ்ஸுல கொண்டு போனேன். அங்க இருவது நாளு பச்சப்புள்ள இருக்குதுங்க. அது படுத்திருக்கற ரூமு வாசல்லதான் கட்டிப்போட்டு வந்தேன்." என்னை ஒருமுறை பார்த்துவிட்டு டாக்டரிடமே திரும்பினாள். "வேலை போனாப் போகுதுங்க. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

"ஆகாது. இது ஒத்திகைதான்."

"நெசமாத்தானுங்களே?"

"நெசமாத்தான்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவளோடு முட்டை பொறுக்கும் சண்முகப்பிரியா, "எங்களுது மல்லூருல இருக்குதுங்க," என்றாள். இன்னொருத்தி ராசிபுரம் என்றாள். பின்னாலிருந்து ஆத்தூர் என்று ஒரு குரல் வந்தது. மதிப்பெண் தாளில் ‘பங்கேற்றவர்கள் கற்றுக்கொண்டது என்ன’ என்று கேட்டிருந்த கட்டத்துக்குள் டாக்டர் ஊர்ப் பெயர்களாக எழுதிக்கொண்டே போனார். நோய் நிஜமாக இருந்திருந்தால் ஒரே சாயங்காலத்தில் அத்தனை ஊருக்கும் போயிருக்கும். போஸ்டர் ஒட்டி, கூட்டம் போட்டு, நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்.

எழுதி முடித்து டாக்டர் என்னைப் பார்த்தார். "உங்க விதிப்படி இவங்க எல்லாருக்கும் நாளைக்கு வேலை இல்லையா?"

பூவாத்தாளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பரமத்தி வேலூர்னும் எழுதிக்கங்க," என்றேன். "என்னோட சேவலு ரெண்டு நேத்திலிருந்து அங்க மாமனார் ஊட்டுல இருக்குதுங்க."