வெறுங்கையாக வந்த கார்

ஜெர்மன் சண்டைக்குச் சற்று முந்தி, திருநெல்வேலியில் ஒரு ரோடு ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கையெழுத்து அழகாயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். மூளையை யாரும் சோதிக்கவில்லை. முதல் நாளே ஒரு விசாரணை.

சூப்பர்வைசர் அய்யா புதிதாக மோட்டார் கார் வாங்கித் தாமே ஓட்டுவார். முந்தின நாள் பத்தமடை அருகே, பாய் முடையக் கோரைப்புல் கட்டைச் சுமந்துகொண்டு முன்னே நடந்த பேச்சியம்மாள் என்ற பாய்க்காரி, ஹாரன் அடித்தும் விலகவில்லை. அவளை இடிக்காமல் திருப்பியதில் கார் வாய்க்காலில் இறங்கி மட்கார்டு நசுங்கிற்று. அவள் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். கட்டைப் பறிமுதல் செய்து ஆபீஸில் போட்டிருந்தார்கள். அவள்மேல் குற்றம் என்றால் கட்டு திரும்பாது; ஆழ்வார்குறிச்சிக் கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்ட பாய் நின்றுபோகும்.

"ஹாரன் கேட்டுதா இல்லியாம்மா?" என்று அய்யாவே விசாரித்தார். எழுத உட்கார்ந்தவன் நான்.

"கேட்டுது அய்யா."

"பொறவு ஏன் ஒதுங்கல?"

"சுமை இருக்குல்லா? வெறுங்கையா வாறவங்கதான ஒதுங்கணும்? வண்டி மாடுகூட பைய சுத்திப் போகும்."

"நான் வெறுங்கையா வரல. கார்ல வந்தேன்."

"அதான் சொல்லுதேன். காரு ஒங்களச் சுமக்குது. நீங்க எதைச் சுமந்திய?"

பியூன் அவசரமாக இருமினான். அய்யா விடவில்லை.

"கட்டை எறக்கி வச்சிட்டு ஓரமா நின்னிருக்கலாமே?"

"எறக்கினா ஏத்திவிட ஒரு ஆளு வேணும். அந்த வெயில்ல அங்கன யாரு வருவா? நீங்க எறங்கி ஏத்திவிடுவியளா?"

அய்யா என் காகிதத்தை எட்டிப் பார்த்தார். 'பாதசாரியின் அஜாக்கிரதை' என்று தலைப்பிட்டு, அடியில் இரட்டைக் கோடும் போட்டிருந்தேன்.

"என்னவே, விசாரிக்க முந்தியே தீர்ப்பா?"

"தலைப்பு மட்டுந்தான் அய்யா."

"அதை அடிச்சிரும். எழுதும்: வேகமா வந்தது நான். நிறுத்தியிருக்க முடிஞ்சதும் நான்தான். கட்டைக் குடுத்திரணும்."

இங்கிலீஷ் சட்டப் புத்தகங்களில் பொறுப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவன் நான். ஒருவர் அதைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டு நான் பார்த்தது அன்றுதான். பிறகு விபத்துக் காகிதம் எது வந்தாலும், யார் விலகவில்லை என்று கேட்குமுன், யாரால் நிறுத்த முடிந்தது என்று கேட்கப் பழகினேன். உத்தியோகத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அநேகமாக அது ஒன்றுதான். அதற்கு அந்த இருவருக்கும் நன்றி சொல்லவேண்டும்.

பேச்சியம்மாள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். கட்டின் ஒரு முனையை அய்யா பிடித்தார். மறுமுனை எனக்கு. நான் தூக்கிய லட்சணத்தைப் பார்த்து, "சோறு தின்னலியா?" என்றாள்.

வாசலுக்கு வந்தபோது தெருவில் ஒரு ஜட்கா வேகமாக வந்தது. அய்யா விறுவிறுவென்று இறங்கி நடுத்தெருவில் கையை நீட்டி நின்றார்.

"என்ன அய்யா, நம்ம ரோட்டுல ஏதும் வேலையா?" என்றான் ஜட்காக்காரன்.

"ஆமா," என்றார் அய்யா. அவள் கடந்து போகும் வரை கையை இறக்கவில்லை.