பரிமளா ஏறிய கூரைகள்

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு விடுதியின் மொட்டை மாடியில் அன்று காலை வேலையாக இருந்தேன். சோலார் பேனல்களுக்கு ஒயர் இணைத்துக்கொண்டிருந்தபோது சேகர் அழைத்தார். "பரிமளா போயிட்டா, குமார்" என்றார். அவரே தொடர்ந்தார்: "கையில இருக்கிறத முடிச்சுட்டு வாங்க. ஒயரத் தொறந்து போட்டுட்டு வந்தீங்கன்னா அவளுக்குப் பிடிக்காது." மனைவியை இழந்த அரை மணி நேரத்தில் ஒருவர் சொன்ன வார்த்தை இது. ஒவ்வொரு ஒயர் நுனிக்கும் டேப் சுற்றிவிட்டுத்தான் இறங்கினேன்.

இந்த ஊரில் கூரைமேல் பேனல் வைத்திருக்கும் பலருக்குப் பரிமளா 'சோலார் மேடம்'. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மணிலாக்கொட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். பாலிடெக்னிக்கில் மின்சாரப் பிரிவு படித்தார். நானும் அவரும் ஒரே மாதத்தில் ஒரே சோலார் நிறுவனத்தில் சேர்ந்தோம். பதினான்கு ஆண்டுகள் ஒரே வண்டியில் போய் வந்தோம். முதல் சில மாதங்கள் அவர் ஏணியில் ஏறும்போதெல்லாம் வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்து, "நீங்க ஏறக் கூடாதா?" என்பார்கள். "அவருக்கு உயரம்னா பயம்ங்க" என்று மேலிருந்தே பதில் வரும். அந்த நாட்களில் அது உண்மையும்கூட.

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது ஏழுமலை என்ற விவசாயியின் கிணறு. அவருடைய டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு சோலார் மோட்டார் வைத்தோம். கிணற்றை அளந்து மோட்டாரைத் தேர்ந்தெடுத்தவர் பரிமளா. அளந்தது மழை முடிந்த கார்த்திகை மாதம். சித்திரையில் நீர்மட்டம் கீழே போனது. மேலே வெயில் கொளுத்துகிறது, பேனல் முழு வேகத்தில் வேலை செய்கிறது, மோட்டாரால் தண்ணீரை ஏற்ற முடியவில்லை. மணிலா பூவெடுத்து நிற்கிற நேரம். நிறுவனத்தில், கிணறு வற்றியதற்கு நாம் பொறுப்பில்லை என்று சொல்லிவிடும்படி சொன்னார்கள்.

பரிமளா அங்கே போய், ஏழுமலையும் அவர் மனைவியும் பக்கத்து நிலத்துக்காரர்களும் சூழ்ந்து நிற்க, "கிணத்து மேல தப்பு இல்லீங்க. நான்தான் தப்பா அளந்துட்டேன். கோடையில எவ்ளோ இறங்கும்னு உங்களைக் கேட்டிருக்கணும்" என்றார்.

ஏழுமலை கோபமாகத்தான் இருந்தார். "இப்ப சொல்லி என்னம்மா பண்றது? செடி காயுதே."

"புது மோட்டார் வர்ற வரைக்கும் இந்தச் செடி என் பொறுப்பு."

சொன்னபடியே செய்தார். விற்றுவிடாமல் கொட்டகையில் போட்டிருந்த டீசல் எஞ்சினை நாங்கள் இருவரும் தள்ளிக்கொண்டு வந்து மறுபடி பொருத்தினோம். சென்னையிலிருந்து பெரிய மோட்டார் வரும்வரை ஆறு நாள், தினமும் விடியற்காலையில் வரப்பில் நின்றார். செடியில் கால்வாசி போய்விட்டது, மீதி பிழைத்தது. அதன்பிறகு எந்த ஊர்க் கிணற்றுக்குப் போனாலும் அளவு நாடாவை எடுக்கும் முன் வீட்டுப் பெண்களைத்தான் கேட்பார்: "சித்திரையில எந்தப் படி வரைக்கும் தண்ணி இருக்கும்?" அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும்.

ஆசிரமப் பகுதியில் தங்க வரும் வெளிநாட்டவர்கள் மன அமைதி தேடி வருகிறார்கள். அவர்களைப் பரிமளா சும்மா விடமாட்டார். உங்கள் ஊர்க் கூரைகளில் என்ன இருக்கிறது என்று கேட்பார். ஜெர்மனிக்காரர் ஒருவர், தம் ஊரில் வாடகை வீட்டில் இருப்பவர்கள்கூட பால்கனிக் கம்பியில் இரண்டு பேனலைக் கட்டி, வீட்டு பிளக்கிலேயே செருகிவிடுவதாகச் சொன்னார். வெயிலே இல்லாத ஊரில் எப்படி என்றதற்கு, குளிரில் பேனல் நன்றாக உழைக்கும் என்றார் அவர். வண்டியில் திரும்பும்போது பரிமளா சிரித்துக்கொண்டே வந்தார். "நமக்கு வெயிலும் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி. வெயில் வேணும், சூடு மட்டும் பேனலுக்கு ஆகாது. அவங்களுக்கு வெயில் கம்மி, ஆனா வர்ற வெயில வீணாக்கல."

பிறகு அவரே ஆறு மாதம் தான்சானியா போனார். கிராமங்களுக்கு சோலார் அமைத்துத் தரும் ஒரு தொண்டு அமைப்பு அழைத்திருந்தது. ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் சின்ன மருத்துவமனை. கூரையில் ஏற்கெனவே பேனல்கள் இருந்தன, யாரோ நன்கொடையாகக் கொடுத்தவை. உள்ளே விளக்கு எரியவில்லை. பாட்டரிகள் வறண்டு செத்திருந்தன. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அங்கே யாருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. ரெஹெமா என்ற செவிலி, செல்போனை வாயில் கவ்விக்கொண்டு அந்த வெளிச்சத்தில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுப் பாட்டரிகள் கையில் இருந்தும் பரிமளா பத்து நாள் எதையும் பொருத்தவில்லை. ரெஹெமாவின் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பையும் அவரையே கழற்றி மாட்டிப் பழக வைத்தார். அமைப்பினர் அவசரப்படுத்தினார்கள். அந்தப் பத்து நாளில் ஒரு பிரசவம் செல்போன் வெளிச்சத்திலேயே நடந்தது. "செல்போன நான்தான் புடிச்சுக்கிட்டு நின்னேன். நான் பண்றது சரியான்னு தெரியல" என்று என்னிடம் போனில் சொன்னார். குழந்தையும் தாயும் நலமாக இருந்தார்கள். மறுநாளும் ஸ்க்ரூ டிரைவர் ரெஹெமாவின் கையில்தான் இருந்தது. பரிமளா திரும்பி வந்த அடுத்த ஆண்டு அங்கே மறுபடி விளக்கு அணைந்தது. இவருக்குச் செய்தி வரும் முன்பே ரெஹெமா சரிசெய்து முடித்திருந்தார். பிரித்துப் போட்ட பாட்டரிப் பெட்டியின் முன் அவர் உட்கார்ந்திருக்கும் படம் மட்டும் வந்தது. பரிமளா அதை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பரிமளாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் இருமுறை டயாலிசிஸ். சேகர் வர முடியாத நாட்களில் நான் கூடப் போவேன். ஒருநாள் மதியம் மருத்துவமனையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எடுக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இயந்திரங்கள் தம் பாட்டரியில் ஓடின, விளக்கும் விசிறியும் நின்றன. பக்கத்துக் கட்டிலில் இருந்த செங்கத்து அம்மாள் ஒருவர் பயந்துபோய், "மேல அவ்ளோ பேனல் வச்சிருக்கானுங்களே, வெயிலும் அடிக்குது, ஏன் நின்னுச்சு?" என்று கேட்டார்.

பரிமளா கண்ணை மூடியபடியே பதில் சொன்னார். "லைன்ல கரண்ட் இல்லன்னா இந்தப் பேனலும் தானா நின்னுடும்மா. அப்படித்தான் செஞ்சிருக்காங்க. எங்கயோ ஒருத்தர் கம்பத்து மேல ஏறி, கரண்ட் இல்லன்னு நம்பி, கம்பியத் தொட்டுட்டு இருப்பாரு. நம்ம பேனல் கரண்ட அனுப்புச்சுன்னா அவரு செத்துடுவாரு."

அந்த அம்மாள் நின்றுபோன விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அப்ப நிக்கட்டும்மா" என்றார்.

அந்த விதி எனக்கும் தெரியும். நூறு வீடுகளில் விளக்கியிருக்கிறேன். தானாக நின்றுவிடும், பாதுகாப்புக்காக என்று சொல்லி முடித்துவிடுவேன். அந்தக் கம்பத்தையும், அதன்மேல் ஒருவர் நிற்பதையும் ஒருநாளும் நான் சொன்னதில்லை. கையில் ஊசியோடு, தன் ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும்போது பரிமளாவுக்கு அந்தக் கம்பத்து மனிதரின் நினைவு இருந்தது.

பரிமளாவின் கருவிப் பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார் சேகர். அவர்கள் மகள் பாலிடெக்னிக்கில் சேரப்போகிறாள், அவளுக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது வேறு. இப்போது வீட்டில் திடீரென்று மின்சாரம் போனால் எரிச்சல் வருவதில்லை. எந்தத் தெருவில், எந்தக் கம்பத்தில் யார் ஏறியிருக்கிறாரோ, பத்திரமாக இறங்கட்டும் என்று காத்திருக்கிறேன்.